ஸ்கேம்ப் 13 அடி டிரெய்லரில் பொருள் வைக்கும் இடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்பக்க மேசையை இறக்கி, மெத்தைகளைப் பரப்பிப் படுக்கை போட்டதுமே, காருக்குப் பின்னால் இழுத்துச்சென்று தங்கும் சிறிய டிரெய்லரில் இருக்கும் மிகப் பெரிய இரண்டு பெட்டிகளும் கைக்கு எட்டாமல் போய்விடுகின்றன. இருக்கைகளுக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டிகளுக்கு மேல்மூடி மட்டுமே உண்டு. மூடியின் மேல் ஆள் படுத்திருக்கிறார். நடுராத்திரியில் ஒரு ஸ்வெட்டர் வேண்டுமென்றால் இருவரும் எழுந்து, மெத்தையைச் சுருட்டி, பலகையைத் தூக்க வேண்டும். இரண்டு இரவு இப்படி அவதிப்பட்டவர்கள் மூன்றாம் நாள் எல்லாவற்றையும் முன் சோபாவிலும் தரையிலும் குவித்துவிடுகிறார்கள். பிறகு வண்டியில் இடமே இல்லை என்று தோன்றத் தொடங்குகிறது. உண்மையில் பாதிப் பெட்டி காலியாகத்தான் கிடக்கிறது. திறக்கும் வழிதான் தவறான பக்கத்தில் இருக்கிறது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஸ்கேம்ப் 13 அடி டிரெய்லர், குளியலறை இல்லாத அமைப்பு. பின்சுவரை ஒட்டி மேசை, அதன் இரு பக்கமும் எதிரெதிராக இருக்கைகள். முன்னால் சோபா. நடுவில் ஒரு பக்கம் அடுப்பும் கழுவுதொட்டியும் கொண்ட சமையல் மேடை, மறுபக்கம் கதவும் அதை ஒட்டி உயரமான துணி அலமாரியும். பயணிகள் இரண்டு பெரியவர்கள், காலம் ஒரு வாரம். கனடாவின் வின்னிபெக் நகரில் 1968இல் ரே ஒலெக்கோ அறிமுகப்படுத்திய போலர் டிரெய்லரின் வழிவந்த வண்டி இது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பாக்கஸ் என்ற சிற்றூரில் 1970களிலிருந்து தயாராகிறது. மேல்பாதி, கீழ்பாதி என இரண்டு கண்ணாடியிழை ஓடுகளை வார்த்து, இடுப்புப் பகுதியில் ஒட்டிவிடுகிறார்கள். 13 அடி என்பது காரோடு கோக்கும் ஹிட்ச் முனையையும் சேர்த்த நீளம். ஆள் புழங்கும் உடல் சுமார் 10 அடிதான். வெறும் வண்டியின் எடை, உள்ளே என்னென்ன பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ 1,200 முதல் 1,500 பவுண்டு, அதாவது 545 முதல் 680 கிலோ.

போலர், கசீட்டா போன்ற மற்ற சிறு கண்ணாடியிழை டிரெய்லர்களுக்கும் கீழே வருவதில் பெரும்பகுதி பொருந்தும். அளவுகளை மட்டும் அவரவர் வண்டியில் டேப் வைத்து அளந்துகொள்ள வேண்டும். ஒரே மாடலிலேயே ஆண்டுக்கு ஆண்டு சில சென்டிமீட்டர் வித்தியாசம் வரும்.

முதலில் எடை

புதிய அலமாரி அடிப்பதற்கு முன் எடைக்கணக்கு போட வேண்டும். இடம் கிடைத்தால் அது நிரம்பும். நிரம்பினால் எடை கூடும். சிறிய டிரெய்லரில் கன அளவு தீருவதற்கு முன்பே சக்கர அச்சின் தாங்குதிறன் தீர்ந்துவிடுவது உண்டு.

இருவர் ஒரு வாரத்துக்கு எடுத்துச்செல்லும் சுமையை இப்படிப் போடலாம். 12 கேலன் நன்னீர்த் தொட்டி நிரம்பினால் 45 கிலோ. 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர், உருளையும் வாயுவும் சேர்த்து, 17 கிலோ. ஈய அமில பேட்டரி 22. சமையல் பாத்திரமும் மளிகையும் 25, குளிர்பெட்டிக்குள் இருப்பவை 10. துணிமணி ஆளுக்கு 8 வீதம் 16. படுக்கை விரிப்பு, போர்வை 10. கருவிகள், சமன்செய்யும் கட்டைகள், சக்கரத் தடைகள் 15. நாற்காலி இரண்டு 8. மின்கம்பி, தண்ணீர்க் குழாய், சில்லறைச் சாமான்கள் 12. மொத்தம் 180 கிலோ. வெற்று எடை 640 கிலோவாக இருக்கும் வண்டி 820ஐத் தொட்டுவிடுகிறது. இன்னும் தொப்பியோ மழைக்கோட்டோ வைக்கவில்லை.

உங்கள் வண்டி எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஸ்டிக்கரைப் பாருங்கள். அமெரிக்காவில் 2008க்குப் பின் தயாரான டிரெய்லர்களில், ஏற்றக்கூடிய சரக்கின் உச்ச எடையைக் கிலோவிலும் பவுண்டிலும் சொல்லும் மஞ்சள் ஸ்டிக்கர் கதவருகே இருக்கும். தயாரிப்பாளர் ஒட்டிய பிறகு நீங்கள் சேர்த்த சூரியப் பலகை, ஏ.சி., கூரைத்துணி எல்லாம் அந்த எண்ணிலிருந்து கழியும். பழைய வண்டிக்கு ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில், பயணத்துக்கு ஏற்றிய நிலையில் ஒருமுறை நிறுத்திவிடுவது நல்லது.

மொத்த எடையைவிடவும் அது எங்கே விழுகிறது என்பது முக்கியம். ஹிட்ச் பந்தின் மேல் விழும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 820 கிலோவுக்கு 82 முதல் 123. இதற்குக் கீழே போனால் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். ஆட்டம் கூடினால் இழுக்கும் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். ஒரு பொருளை அச்சுக்குப் பின்னால் வைத்தால் ஹிட்ச் எடை எவ்வளவு குறையும் என்பது எளிய கணக்கு: பொருளின் எடையை அச்சிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கி, ஹிட்ச் பந்துக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். அந்த தூரம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கு 0.8 மீட்டர் பின்னால் உள்ள 45 லிட்டர் தொட்டி நிரம்பும்போது ஹிட்ச் எடை 14.4 கிலோ குறைகிறது. அதை ஈடுகட்ட, பின் இருக்கைக்கு அடியில் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருக்கும் 20 கிலோ டின் சாமான்களை, அச்சுக்கு 0.8 மீட்டர் முன்னால் உள்ள சோபாப் பெட்டிக்கு மாற்றினால் போதும். 14.4 கிலோ திரும்பக் கிடைத்துவிடும். டின், அரிசி, எண்ணெய், கருவிப்பெட்டி இவற்றுக்கு முன் சோபாவின் அடிதான் இடம். பின்பக்கப் பெட்டிகளுக்குத் துணியும் போர்வையும். இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் மற்ற எந்த ஏற்பாட்டையும் தொடங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஹிட்ச் எடையை வீட்டிலேயே அளக்க, குளியலறை எடைமானி போதும். ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் எடைமானி, இரண்டின் மேலும் உறுதியான மரச்சட்டம். செங்கல்லிலிருந்து 30 செ.மீ., எடைமானியிலிருந்து 60 செ.மீ. வரும் புள்ளியில் ஹிட்ச் முனையை இறக்குங்கள். சட்டம் மட்டும் இருந்தபோது எடைமானி காட்டிய எண்ணைக் கழித்து, வரும் எண்ணை மூன்றால் பெருக்கினால் விடை. டிரெய்லர் சமதரையில், சக்கரத் தடை போட்ட நிலையில், பயணத்தின்போது நிற்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும்.

எதைத் தொடக்கூடாது

இந்த வண்டிகளில் மேல் அலமாரிகளும் துணி அலமாரியும் வெறும் சாமான் பெட்டிகள் அல்ல. கூரை ஓடு தானாக நிற்கும் அளவுக்குத் தடிமனானது இல்லை. அலமாரிகள்தான் அதைத் தாங்குகின்றன. ஓட்டை ஊடுருவிச் செல்லும் ரிவெட்டுகளால் அவை பிடிக்கப்பட்டிருக்கின்றன. வண்டியின் வெளியே வரிசையாகத் தெரியும் சிறு பிளாஸ்டிக் தொப்பிகள் அந்த ரிவெட்டுகளின் தலைகளை மூடுபவை. துணி அலமாரியை எடுத்துவிட்டு அங்கே பெரிய இழுப்பறை வைக்கலாம் என்று அறுத்தவர்களின் வண்டியில், ஏ.சி.யின் எடையோ பனியின் எடையோ சேர்ந்ததும் கூரை குழிந்து, குழியில் நீர் தேங்கிக் கசிந்திருக்கிறது. எடுத்தே ஆக வேண்டுமென்றால், அதே இடத்தில் தரையிலிருந்து கூரைவரை ஒரு தூண் வர வேண்டும்.

சுவரில் புதிதாகத் திருகு போடுவதும் அப்படித்தான். உட்சுவர் விரிப்புக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் கண்ணாடியிழையும் மெல்லிய வெப்பத்தடுப்பும் மட்டுமே உண்டு. அரை அங்குலத் திருகு மறுபக்கம் எட்டிப்பார்க்கும். அப்படி விழுந்த ஒவ்வொரு ஓட்டையும் நாளைய கசிவு. நீர் உள்ளே நுழைந்து தரைப் பலகையின் ஓரத்தை ஊறவைத்த பிறகுதான் வெளியே தெரியும். புதிய ரிவெட் தவிர்க்க முடியாதபோது, மூடிய முனை கொண்டதாக வாங்கி, தலைக்கு அடியில் நீரைத் தடுக்கும் பியூட்டைல் டேப் சுற்றி அடியுங்கள். சிலிகான் பசை வேண்டாம். அது உரிந்து வந்த இடத்தில் அடுத்த பூச்சு எதுவும் ஒட்டாது.

இருக்கைப் பெட்டிக்குப் பக்கவாட்டுக் கதவு

இந்த ஆய்வில் அதிகப் பலன் தந்த மாற்றம் இதுதான். மேசைக்கு அடியில் கால் வைக்கும் பள்ளம் இருக்கிறதல்லவா, படுக்கை போட்ட பிறகும் அதன் முன்முனை நடைபாதைப் பக்கம் திறந்தே இருக்கும். இருக்கைப் பெட்டியின் உள்முகம் அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடி நிற்கிறது. அந்த முகத்தில், முன்முனைக்கு அருகில், ஒரு கதவு வெட்டினால், படுக்கையைக் கலைக்காமல் நடைபாதையில் குந்தி உட்கார்ந்து கையை நீட்டி எடுக்கலாம்.

வெட்டுவதற்கு முன் மேல்மூடியைத் திறந்து உள்ளே நன்றாகப் பாருங்கள். ஒரு பக்க இருக்கைக்கு அடியில் நீர்த்தொட்டி இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். மறுபக்கத்தில் வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வர்ட்டர், 12 வோல்ட் கம்பிகள், சக்கர வளைவு எல்லாம் எங்கே ஓடுகின்றன என்று முகத்தின் வெளிப்புறத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். வெளி மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பிறகே டிரில்.

கதவின் அளவு 330 × 230 மி.மீ. இருந்தால் தாராளம். இதைவிடப் பெரிதாக்கும் ஆசை வரும். இருக்கையின் மேல் இருவர் உட்காரும் எடையை அந்த முகம்தான் தாங்குகிறது என்பதை நினைவில் வைத்து, மேல், கீழ், முன் ஓரங்களிலிருந்து குறைந்தது 75 மி.மீ. விட வேண்டும். வெட்டும் கோட்டின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் ஜெல்கோட் என்ற பளபளப்பான மேல்பூச்சு பெயராது. நான்கு மூலைகளிலும் 25 மி.மீ. வட்ட ரம்பத்தால் துளை போட்டு, துளைகளை ஜிக்சாவால் இணையுங்கள். மூலை வட்டமாக இருக்க வேண்டியது அழகுக்காக அல்ல. சதுர மூலையிலிருந்து கண்ணாடியிழை கட்டாயம் விரிசல் விடும். சாலை அதிர்வில் அந்த விரிசல் ஓரம்வரை ஓடும். ஜிக்சாவில் உலோகம் வெட்டும் நுண்பல் பிளேடைப் போட்டு, மெதுவான வேகத்தில் வெட்டுங்கள். தூசு நுரையீரலுக்கும் தோலுக்கும் கெடுதல். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் வேண்டும்; இன்னொருவர் வெட்டும் இடத்தருகே வேக்கம் குழாயைப் பிடித்துக்கொண்டால் பாதித் தூசு அப்போதே போய்விடும். துடைப்பத்தால் பெருக்கினால் உட்சுவர் விரிப்பில் ஏறி, மாதக்கணக்கில் அரிக்கும்.

வெட்டிய விளிம்பை 80ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, 220ஆல் மென்மையாக்கி, எபாக்சி ஒரு பூச்சு கொடுங்கள். பிறகு உள்பக்கத்தில் 12 மி.மீ. பிளைவுட்டால் 50 மி.மீ. அகலச் சட்டம் ஒன்றைத் திறப்பைச் சுற்றி ஒட்ட வேண்டும். அந்தச் சட்டம் திறப்புக்குள் 12 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் கதவுக்குத் தடுப்பாகவும் ஆகும். கீல் பக்கத்தில் மட்டும் நீட்டல் வேண்டாம். கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். வெட்டி எடுத்த துண்டையே கதவாக்கினால் நிறம் மாறாமல் பொருந்தும். அதன் முதுகில் 6 மி.மீ. பிளைவுட் ஒட்டினால் வளையாது. இந்த ஒட்டு, சட்டத்தில் இடிக்காதபடி சுற்றிலும் 15 மி.மீ. சிறியதாக இருக்க வேண்டும்.

கீலை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கீழே வைத்தால், ஓடும்போது தாழ்ப்பாள் விட்டால் சாமான் முழுக்கக் கொட்டும். மேலே வைத்தால், திறந்து பிடிக்கவே ஒரு கை போய்விடும். முன்பக்கம் வைத்தால், நடைபாதையிலிருந்து நீளும் கையைத் திறந்த கதவே மறிக்கும். பின்சன்னல் பக்கம் கீல் வைத்துவிட்டால் கதவு கையை விட்டு விலகித் திறக்கும். தாழ்ப்பாள் அழுத்தித் திறக்கும் வகையாக, பூட்டு நாக்கு உள்ளதாக இருக்க வேண்டும். காந்தத்தையும் உருளைப் பிடிப்பானையும் டிரெய்லரில் எங்குமே நம்ப வேண்டாம். வளைவில் திரும்பும்போது பெட்டிக்குள் இருக்கும் மொத்தச் சுமையும் பக்கவாட்டில் இந்தக் கதவின் மேல்தான் சாயும்.

உள்ளே சும்மா போட்டு வைத்தால் கதவு திறந்து பயனில்லை. திறப்பைவிட இரண்டு செ.மீ. குறுகலான கைப்பிடித் தொட்டிகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. முன்தொட்டியில் இரவில் தேவைப்படுபவை: ஸ்வெட்டர், காலுறை, டார்ச், மருந்துப் பை, மழைக்கோட்டு. பின்தொட்டியில் மறுநாள் துணி. பெட்டியின் எஞ்சிய ஆழத்தில், மேல்மூடி வழியாகப் பகலில் மட்டும் எடுக்கும் சாமான்களை வையுங்கள். சக்கர வளைவுக்கு மேல் கோணலாக எஞ்சும் இடத்துக்குக் கெட்டித் தொட்டி எதுவும் பொருந்தாது. காலணி, துண்டு போன்றவற்றைத் துணிப்பையில் கட்டி அங்கே திணிக்கலாம்.

படுக்கையை வாரம் முழுக்கக் கலைக்காமல் வைத்துக்கொள்பவர்களுக்குக் கால் பள்ளமே ஒரு பெரிய இழுப்பறை. 9 மி.மீ. பிளைவுட்டில், பள்ளத்தின் அகலத்தைவிட இரு பக்கமும் 15 மி.மீ. குறைத்து, 80 மி.மீ. உயரச் சுவருள்ள தட்டு ஒன்று. அடியில் வழுவழுப்பான பாலிஎத்திலீன் பட்டைகள் இரண்டு ஒட்டினால், கயிறு பிடித்து இழுத்தாலே வரும். இழுப்பறை ஓடும் உலோகச் சேனல் வைக்கத் தேவையில்லை. சேனலுக்கு நேரான, ஒன்றுக்கொன்று இணையான பக்கங்கள் வேண்டும், வார்த்த கண்ணாடியிழை ஓட்டில் அவை கிடைப்பதில்லை. தட்டு முன்னால் ஓடிவராமல் இருக்க, பயணத்தின்போது தரையில் ஒரு தடைக்கட்டை போட்டுவிட வேண்டும். தினமும் மேசை போடுபவர்கள் இந்தத் தட்டைச் செய்யக் கூடாது. பகலெல்லாம் அது காலில் இடிக்கும்.

துணி அலமாரி

ஒரு கம்பி, நான்கு ஹேங்கர், அடியில் வெற்றிடம் என்று வரும் இந்த அலமாரி மிகவும் வீணாகிறது. கம்பியை எடுத்துவிட்டு 25 செ.மீ. இடைவெளியில் தட்டுகள் போட்டால், சுருட்டிய துணி இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும். தட்டுக்கு 6 மி.மீ. பிளைவுட், தாங்க 20 × 20 மி.மீ. ரீப்பர். ரீப்பரை இரு பக்கச் சுவர்களில் மட்டும் ஒட்டுங்கள். பின்சுவர் என்பது வண்டியின் ஓடு. பின்சுவர் வளைந்திருக்கும் என்பதால் ஒவ்வொரு தட்டுக்கும் தனியாக அட்டை வெட்டி, வளைவைப் படியெடுத்து, பிறகு பலகையை வெட்ட வேண்டும். தட்டின் முன்விளிம்பில் 40 மி.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்புப் பட்டை.

அலமாரியின் அடியில் ஹீட்டர் இருக்கும் வண்டிகள் உண்டு. அங்கே தட்டு போடும்போது ஹீட்டரைச் சுற்றி விட வேண்டிய இடைவெளியும், காற்று திரும்பிவரும் சல்லடையும் மறைபடக் கூடாது. துணி நிரப்பி அடைத்தால் ஹீட்டர் சூடேறி, பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்து அணைந்து அணைந்து எரியும். ஹீட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் அலமாரியைக் காலிசெய்து பாருங்கள்.

மேல் அலமாரியும் சமையல் மேடையும்

மேல் அலமாரியில் அறைக்கு 2 முதல் 3 கிலோவுக்கு மேல் வேண்டாம். ரிவெட்டைத் தளர்த்துவது அங்கே வைக்கும் ஊறுகாய் ஜாடியும் எண்ணெய்ப் பாட்டிலும்தான். ரொட்டி, பிஸ்கட், தேயிலை, காகிதத் துண்டு, மெலிந்த பிளாஸ்டிக் டப்பா இவற்றுக்கான இடம் அது. தட்டில் வழுக்காத ரப்பர் வலை விரிக்க வேண்டும். வட்ட டப்பா உருளும், இடத்தையும் தின்னும். சதுர டப்பா வாங்குங்கள்.

கழுவுதொட்டிக்கு அடியில் வளைகுழாயும் பைப்பும் இருப்பதால் பலர் ஒரு குப்பைத்தொட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள். குழாயைத் தவிர்த்து 20 செ.மீ. அகலம் கிடைத்தால், உயரமான ஒற்றை இழுதட்டு அங்கே அருமையாக உட்காரும். மேடைப் பெட்டிக்குள் பக்கங்கள் நேராக இருந்தால் இங்கே சேனல் பொருந்தும். மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் பூட்டிக்கொள்ளும் சேனலாகப் பார்த்து வாங்க வேண்டும்; சாதாரண சேனல் முதல் பிரேக்கிலேயே வெளியே வந்து நிற்கும். மேடையில் வேலை செய்ய இடம் போதாது என்ற குறைக்கு, கழுவுதொட்டியின் மேல் சரியாக உட்காரும் ஒரு வெட்டுப்பலகை போதும். பயணத்தின்போது அது இருக்கை மெத்தைக்கு அடியில் போய்விடும்.

பாத்திரத்தில் ஒன்றுக்குள் ஒன்று அடங்குவது மட்டும் உள்ளே வரலாம். இருவருக்கு 3 லிட்டர் குக்கர், அதற்குள் அடங்கும் இரண்டு அடுக்குப் பாத்திரம், ஒரு வாணலி. நம் சமையல் செய்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பளம்போல் இருக்கும் உட்சுவர் விரிப்பு தாளிப்பு வாசனையையும் எண்ணெய்ப் புகையையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், துவைத்து எடுக்கவும் வழியில்லை. தாளிப்பை வெளியே வைத்துக்கொண்டால் நல்லது. அதற்கான சிறு அடுப்பு, அஞ்சறைப்பெட்டி, எண்ணெய் மூன்றையும் ஒரே தொட்டியில் போட்டு, கதவுக்கு நேரே வையுங்கள். ஒரே தூக்கில் முகாம் மேசைக்குப் போகட்டும்.

சுவர், கதவு, படுக்கை

பழைய வண்டிகளின் உட்சுவரில் நுரை ஒட்டிய வினைல், பிற்கால ஸ்கேம்ப்களில் கம்பள விரிப்பு. கம்பள விரிப்பு உள்ளவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் பசையே இல்லாமல் அதில் நேராகப் பற்றும். 50 மி.மீ. அகலக் கொக்கிப் பட்டையைத் துணிப்பையின் மேல்விளிம்பு முழுக்கத் தைத்துவிட்டால், கண்ணாடி, செல்பேசி, புத்தகம் வைக்கும் பை படுக்கைக்கு மேலேயே நிற்கும். சுவரோடு கீழ்நோக்கி இழுக்கும் எடையை வெல்க்ரோ தாங்கும். சுவரிலிருந்து பிய்த்து இழுப்பதைத் தாங்காது. பை தட்டையாக இருந்தால் நிற்பதும், உப்பிப்போனால் விழுவதும் இதனால்தான். பசை ஒட்டும் பிளாஸ்டிக் கொக்கிகள் கம்பளத்திலும் நிற்காது, வினைலிலும் வெயிலில் கழன்று வரும்.

அலமாரிகளின் வழுவழுப்பான கண்ணாடியிழை முகத்தில் கனமான இரட்டைப் பசை டேப் நன்றாக ஒட்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அறை வெப்பத்தில் ஒட்டி, அழுத்தி, மூன்று நாள் சுமை ஏற்றாமல் விட வேண்டும். ஒட்டிய அன்றே துண்டு மாட்டினால் மறுநாள் தரையில் கிடக்கும்.

நுழைவுக் கதவில் காலணிப் பை தொங்கவிடுவது பார்க்க அழகாக இருக்கும். வளைந்த அந்தக் கதவு கீல் தொய்ந்து வடிவம் மாறுவது இந்த வகை வண்டிகளின் தெரிந்த நோய். ஒரு கையகல வரைபடப் பையைத் தவிர அதில் எதையும் மாட்டாதீர்கள்.

பகலில் அதிக இடம் அடைப்பது போர்வையும் தலையணையும்தான். 50 × 50 செ.மீ. தடித்த உறைகள் நான்கு தைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு போர்வையையோ தலையணையையோ அடைத்து ஜிப் போட்டால் அவையே சோபாவின் சாய்வுத் திண்டுகள். பெட்டிக்குள் போக வேண்டிய 10 கிலோ வெளியிலேயே வேலை செய்கிறது.

ஈரமும் வாயுவும்

இருவர் தூங்கும் ஓர் இரவில் மூச்சும் வியர்வையுமாக அரை லிட்டருக்கு மேல் நீர் காற்றில் கலக்கிறது. அது குளிர்ந்த ஓட்டின் மேல், அதிலும் காற்றோட்டமே இல்லாத இருக்கைப் பெட்டியின் வெளிச்சுவரில், முத்து முத்தாகப் படிகிறது. துணியைச் சுவரோடு அழுத்தி அடுக்கினால் நான்காம் நாள் பூஞ்சை வாடை வரும். வெளிச்சுவர் பக்கம் 25 மி.மீ. தள்ளி நிற்க ரீப்பர் ஒட்டுங்கள். இருக்கை முகத்தில் மேலொன்றும் கீழொன்றுமாக 50 மி.மீ. காற்றுத் துளை போட்டு, பிளாஸ்டிக் சல்லடை பொருத்தினால் பெட்டி மூச்சுவிடும். மெத்தைக்கு அடியிலும் பின்னல் பாய் போன்ற காற்றோட்ட விரிப்பு ஒன்று வேண்டும். கூரை வென்ட்டை இரவில் இரண்டு விரல் அகலம் திறந்து வைப்பது இவை அனைத்தையும்விட அதிகம் உதவும்.

கையடக்க ஒரு பவுண்டு வாயுக் குப்பி உட்பட எந்தப் புரொப்பேனும் டிரெய்லரின் மூடிய பெட்டிக்குள் போகக் கூடாது. கசிந்தால் காற்றைவிடக் கனமான அந்த வாயு இருக்கைப் பெட்டியின் அடியில் குளம்போல் தங்கும். வாயு எச்சரிக்கைக் கருவியைத் தரைக்கு அருகே பொருத்தியிருப்பது அதனால்தான். பையோ காலணியோ அதன் முகத்தை மறைக்கும் ஏற்பாடு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் கைவிடுங்கள். அவசரத்தில் வெளியேறும் சன்னலும், கதவருகே தீயணைப்பானும் அப்படியே. கன்வர்ட்டர் இருக்கும் பெட்டியில் டின், கரண்டி, சங்கிலி போன்ற உலோகச் சாமான்கள் வேண்டாம். அதன் காற்றுத் துளைக்கு முன் ஒரு பலகைத் தடுப்பு வைத்துவிட்டு மீதி இடத்தைப் பயன்படுத்தலாம்.

வெளியே இருக்க வேண்டியவை

சக்கரத் தடை, சமன்செய்யும் கட்டை, ரசமட்டம், ஹிட்ச் பூட்டு, மின்கம்பி இவையெல்லாம் முகாமில் இறங்கிய முதல் பத்து நிமிடத்தில் தேவைப்படுபவை. சேறும் பிடிக்கும். உள்ளே அவற்றுக்கு வேலை இல்லை. ஹிட்ச் சட்டத்தின் மேல் அலுமினியப் பெட்டி வைப்பவர்கள், பெட்டியும் சாமானும் சேர்ந்து 30 கிலோ ஆனால் அதில் பெரும்பங்கு நேராக ஹிட்ச் எடையில் சேரும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இழுக்கும் காரின் ஹிட்ச் வரம்பு சிறியதாக இருந்தால் பெட்டியை மறந்துவிட்டு, காரின் பின்பகுதியில் வைப்பதே சரி. ஜாக் கைப்பிடி சுற்றுகிறதா, காரின் பின்கதவு திறக்கிறதா, கூர்மையாகத் திரும்பும்போது பெட்டி இடிக்கிறதா என்பதைப் பெட்டியைப் போல்ட் போடுவதற்கு முன் அட்டைப்பெட்டி வைத்துப் பார்த்துவிடலாம். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே தொட்டியில் சேரவே கூடாது. நிறம் வேறுபட்ட இரண்டு மூடிய தொட்டிகள்.

சோதனை

எல்லாம் அடுக்கிய பிறகு வீட்டு வாசலிலேயே ஓர் இரவு படுக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, மெத்தையைத் தூக்காமல் டார்ச், மருந்து, தண்ணீர், ஸ்வெட்டர், மழைக்கோட்டு, காலணி ஆறையும் எடுத்துப் பாருங்கள். எது கைக்கு வரவில்லையோ அதன் இடம் மாற வேண்டும். மறுநாள் மேடுபள்ளமான சாலையில் 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு கதவையும் மெல்லத் திறந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சரிந்த சாமானுக்கு நடுவில் தடுப்பு வேண்டும். திறந்து கிடக்கும் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற வேண்டும். தட்டில் வெள்ளைப் பொடி உதிர்ந்திருந்தால் எங்கேயோ கண்ணாடியிழை உரசுகிறது. அந்த இடத்தில் விளிம்பைத் தேய்த்து ரப்பர் பட்டி போட வேண்டும். ரிவெட் தலை அருகே விரலை வைத்து அலமாரியை ஆட்டுங்கள். அசைவு தெரிந்தால் பயணத்துக்கு முன்பே ரிவெட்டை மாற்றிவிட்டு, தண்ணீர்க் குழாயால் வெளியே பத்து நிமிடம் பீய்ச்சி, உள்ளே அந்தப் புள்ளியில் காகிதத் துண்டை அழுத்தி ஈரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.